பூசாத தட்டு

எங்கள் லேபில் வளரும் தோலுக்கு உடம்பு கிடையாது. கண்ணாடித் தட்டில் உள்ளங்கை அகலத்துக்கு வளரும். வாரத்துக்கு நாற்பது தட்டு. முப்பத்தொன்பதில் கம்பெனியின் புது க்ரீமைப் பூசி, ஈரப்பதம் எவ்வளவு நிற்கிறது என்று மீட்டர் வைத்து அளப்பது என் வேலை. நாற்பதாவதை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஒன்றும் பூசாமல் காயவிட வேண்டும்.

போன வாரம் அந்தக் காயவிட்ட தட்டுதான் எல்லாவற்றையும்விட ஈரமாக இருந்தது. மேலதிகாரி எபனேசர் நேரிலேயே வந்துவிட்டார்.

"வேதவல்லி, இதுல க்ரீம் பூசினீங்களா?"

"இல்ல சார். வறண்டு வெடிச்சுக் கிடந்துச்சு. பார்க்கச் சகிக்கல. போறப்ப வர்றப்ப வெறும் விரலால தடவிக் குடுத்தேன். அவ்வளவுதான்."

"தடவிக் குடுக்க அது என்ன குழந்தையா? வெறும் தோலும்மா. அதுக்கு என்ன தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. கிளவுஸைக் கழற்றிவிட்டு, அவர் கண்ணெதிரே ஒரு விரலால் தடவினேன். தோல் முழுக்கப் புல்லரித்தது. புள்ளி புள்ளியாக எழும்பி, மெல்ல அடங்கியது.

பக்கத்துத் தட்டைத் தொடப் போன எபனேசர், தொடாமலே கையை இழுத்துக்கொண்டார்.

"ரிப்போர்ட்ல உணர்ச்சி இல்லைன்னே போட்டுடுங்க" என்றார்.

போட்டேன். ஆறு வருஷமாக அப்படித்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்று சனிக்கிழமை. அளந்து முடித்த தோல்களைப் போட்டு அழிப்பதற்கு, எல்லாச் சனிக்கிழமையும் போல, ப்ளீச்சிங் பவுடர் கரைத்த வாளியைக் காலையிலேயே நான்தான் கொண்டுவந்து வைத்திருந்தேன்.