மூன்றாம் எண் அறை

"பெரிய ஹாலைப் பாருங்கம்மா. நூறு வருஷத்துக் கட்டடம், தேக்குக் கூரை. மாநாடு, வரவேற்பு எல்லாம் இங்கேதான் நடக்குது" என்றார் மேலாளர்.

"என் கல்யாணத்துக்கு மாடியில இருக்கிற மூணாம் நம்பர் ரூம்தான் வேணும்" என்றாள் அவள். கூட வந்திருந்தவர் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனாக இருக்கும் என்று மேலாளர் நினைத்துக்கொண்டார்.

"அதுல நாப்பது நாற்காலிதான் போட முடியும்."

"வர்றதே முப்பது பேர்தான்."

"ஏசி கிடையாது."

"ஜன்னலைத் திறந்து வச்சுக்குறோம்."

மேலாளருக்கு மனசு கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "சொல்லாம இருக்க முடியலைம்மா. இந்தக் கட்டடம் முன்னே கோர்ட்டா இருந்தது. அந்த ரூம்ல விவாகரத்து கேஸ்தான் நடக்கும். கல்யாணத்துக்குப் போய் அந்த இடமா?"

"தெரிஞ்சுதான் சார் கேக்குறேன்."

ஒரே பிடியாக நிற்கிறாளே என்று அவர் கூட வந்தவர் பக்கம் திரும்பினார். "நீங்களாவது தங்கச்சிக்கு எடுத்துச் சொல்லக் கூடாதா? மாப்பிள்ளை காதுக்குப் போனா என்ன நினைப்பார்?"

"மாப்பிள்ளையே நான்தான் சார்" என்றார் அவர். "ஆறு வருஷத்துக்கு முன்னே அந்த ரூம்லதான் நாங்க ரெண்டு பேரும் விவாகரத்து வாங்கினோம்."



"சேர்ந்து வாழ விருப்பமானு ஜட்ஜ் ரெண்டு தடவை கேட்டார். ரெண்டு தடவையும் இல்லைன்னுட்டோம்" என்றாள் அவள். "அந்தப் பதிலை அங்கேயே போய் மாத்திச் சொல்லணும் சார்."

மேலாளர் முன்பதிவு நோட்டைப் பிரித்தார்.

"தேதியைச் சொல்லுங்கம்மா. ஜட்ஜ் உட்கார்ந்த நாற்காலி கீழே குடோன்லதான் கிடக்கு. துடைச்சு மேலே ஏத்தச் சொல்றேன்."