எண்ணெய் தேய்த்த விரல்

வயசானவர்களுக்கு வரிசை கிடையாது என்று பள்ளிக்கூட வாசலிலேயே எங்களை உள்ளே விட்டுவிட்டார்கள்.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டு மாதிரிக் கூட்டம். வெயிலில் நின்றவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மகன் செல்வகணேஷ் என் கையைப் பிடித்து முன்னால் நடத்திப் போனான். பின்னால் மருமகள் பொன்செல்வி, பெரிய பிள்ளைகள் இரண்டு. கடைக்குட்டி என் இடுப்பில்.

சர்க்கார் இன்ஷூரன்ஸ் கார்டு எடுக்க வந்திருந்தோம். ஆஸ்பத்திரியில் நீட்டினால் போதும், காசு கேட்க மாட்டார்கள். எனக்கு ஒரு கண்ணில் புரை முற்றிவிட்டது. மற்றதும் மங்கிக்கொண்டு வருகிறது.

“எம்மா, ஒனக்குன்னுதான் இந்தக் கார்டே” என்றான் மகன்.

ஏழை வீடுதானா என்று விசாரிக்க வந்த ஆபீசர் முன்னால் என்னைத்தானே உட்கார வைத்தான்! கண் தெரியாத விதவை இருந்தால் சட்டென்று எழுதிக்கொள்வார்களாம். எழுதிக்கொண்டார்கள்.

கார்டுக்குக் கைரேகை வேண்டும். சிமென்ட் சாந்து அள்ளியே என் விரலில் ரேகை தேய்ந்துவிட்டது. ரேகை தெளியட்டும் என்று தினமும் தேங்காயெண்ணெய் தேய்த்தேன். சாலைக் கடைத்தெருவில் எண்ணெய் வாங்கி வந்ததும் அவன்தான்.

கேமரா முன்னால் எல்லோரும் நின்றோம். முந்தானையைச் சரிசெய்து, பாப்பாவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

கம்ப்யூட்டர்காரப் பெண் கையை ஆட்டினாள்.

“அம்மூம்மே, கொச்சினெ அம்மேட கையில் கொடுத்திட்டு ஒந்நு மாறி நிக்கணே. அஞ்சு பேரே பற்றூ.”

குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு நான் தள்ளி நிற்க வேண்டுமாம். ஒரு கார்டில் ஐந்து பேருக்குத்தான் இடமாம். பெயர்களை மகன் போன மாதமே கொடுத்துவிட்டானாம். கடைக்குட்டிதான் ஐந்தாவது.

அடப்பாவி! வாய் வரை வந்துவிட்டது. பாப்பா என் கழுத்தை விடவில்லை. பொன்செல்விதான் பிய்த்து எடுத்துக்கொண்டாள். மகன் கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். எண்ணெய் போகவில்லை.

வெளியே வந்தோம். பக்கத்து வீட்டு உச்சிமாகாளி வரிசையின் கடைசியில் வேர்த்து விறுவிறுத்து நின்றார். அவரைப் பார்த்ததும் செல்வகணேஷுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கிட்டே போய்க் குரலைத் தாழ்த்தினான்.

“அண்ணே, ஏன் வெயில்ல நிக்கிய? வீட்டுல ஒங்கம்மா இருக்காங்கல்லா, கூட்டிட்டு வாங்க. ஒடனே உள்ள விட்டுருவாங்க.”

எனக்குக் கண்ணில்தான் புரை. காது நன்றாகவே கேட்கிறது.