முருங்கைக்கீரை சூப்

ஊர்த் தண்ணீரைக் குடித்துத்தான் தன் மனைவி நதியா சிறுநீரகம் கெட்டுச் செத்தாள், அது வரும் ஆழ்துளைக் கிணற்றை மூடுங்கள் என்று மாதேஷ் மனு கொடுத்திருந்தான். பதிலுக்கு ஊட்டச்சத்து முகாம் வந்தது.

"தண்ணியை மட்டும் குறை சொல்லக் கூடாதுங்க" என்றார் அதிகாரி. "கீரை, நெல்லிக்காய்னு ஒழுங்கா சாப்பிட்டா எந்தத் தண்ணியும் ஒண்ணும் பண்ணாது." பழுப்பேறிய பற்களோடு ஊர் கேட்டுக்கொண்டிருந்தது.

செய்து காட்டுவதற்காக ஓரமாக முருங்கைக்கீரை சூப் கொதித்தது. அதற்குத் தண்ணீர் டவுனிலிருந்து கேனில் வந்திருந்தது. மாதேஷ் எழுந்து போய்ச் சூப்பைக் கீழே கொட்டினான். ஊர்க் குழாயில் சட்டி நிறையத் தண்ணீர் பிடித்து, மிச்சக் கீரையைப் போட்டு, மறுபடி அடுப்பில் ஏற்றினான். யாரும் தடுக்கவில்லை. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன்.

கொதித்ததும் டம்ளரில் ஊற்றி நீட்டினான். "சத்து இருக்குதுங்க சார். குடிங்க."

அதிகாரி வாங்கி ஊதினார். மறுபடியும் ஊதினார்.

"ஆறிடுச்சு சார்" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

அவர் சிரித்தபடி குனிந்து, மாதேஷின் காலைக் கட்டிக்கொண்டு நின்ற அவன் மகளிடம் டம்ளரை நீட்டினார்.

"பாப்பா முதல்ல குடிக்கட்டும்."

பெரியவர்கள் எது கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்க வேண்டும் என்று நதியா அவளைப் பழக்கியிருந்தாள்.