மூன்றாவது தடவை

செய்தித்தாள் சுற்றிய பிஸ்கட் டப்பாவை அம்மா இரண்டு கைகளாலும் நீட்டினாள்.

மகள் தலையை லேசாகக் குனிந்து, "ஐயோ, எதற்கு இந்தச் சிரமம், வேண்டவே வேண்டாம்" என்று சீன மொழியில் மறுத்தாள்.

"சரி, வேண்டாம்னா விடு" என்று அம்மா டப்பாவைத் திரும்பவும் அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். சாப்பாட்டு மேசையருகே நடக்கும் இந்த ஒத்திகை காலையிலிருந்து இதே இடத்தில்தான் குடை சாய்ந்துகொண்டிருந்தது.

கல்லூரியில் அவள் எடுத்திருப்பது சீன மொழியும் பண்பாடும். நாளை செய்முறைத் தேர்வு. பேராசிரியை பரிசோடு விருந்தாளியாக வருவார். மாணவி வீட்டுக்காரியாக நின்று அவரை முறைப்படி வரவேற்க வேண்டும். நன்றாகச் செய்பவருக்குச் சீனாவிலேயே ஒரு வருடம் தங்கிப் படிக்க இடம் கிடைக்கும்.

"விருந்தாளி அப்படி உடனே விட்டுடக் கூடாதும்மா. முதல் தடவை வேண்டாம்பேன். நீ மறுபடி நீட்டணும். ரெண்டாவது தடவையும் வேண்டாம்பேன். மூணாவது தடவைதான் வாங்கிக்குவேன். எடுத்ததும் வாங்கிட்டா, இதுக்குத்தான் காத்திருந்தாளான்னு நினைப்பாங்க."

"நல்ல ஊருடி. என் வண்டியில 'நிறுத்து'ன்னு மூணாவது தடவை சொல்றப்ப நிறுத்தினா, வண்டி சுவத்துக்குள்ள இருக்கும்."

அம்மா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஓட்டுகிறவரின் பக்கத்து இருக்கையில், காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்கோடு உட்கார்ந்து உட்கார்ந்து, வீட்டிலும் அந்த பிரேக் அவள் காலடியிலேயே இருந்தது. ஒரு பேச்சு என்றால் ஒரு பேச்சுதான். அப்பா இறந்த வருடம், "இனிமே நாம ரெண்டு பேர்தான்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதன்படியே இத்தனை காலமும் நடந்துகொண்டாள்.

அதனால்தான் மகளுடைய மனதுக்குள் வேறொரு திட்டம் ஓடியது. நாளை வேண்டுமென்றே சொதப்பிவிடுவது. பரிசை ஒரு கையால் வாங்கலாம். வந்தவர் முன்னாலேயே பிரித்துப் பார்க்கலாம். சீனர்கள் வீட்டில் செய்யக் கூடாதது என்று பாடத்தில் இருந்ததெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். போக ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் இந்த மேசையில் அம்மா ஒற்றைத் தட்டை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இதை வாய்விட்டுச் சொன்னால் அம்மா பிரேக்கில் ஏறி நின்றுவிடுவாள்.

வீடும் இப்போதெல்லாம் முன்போல் இல்லை. டிரைவிங் ஸ்கூல் கார் இவர்கள் வாசலில்தான் நிற்கும். அதைப் பழுதுபார்க்க எடுத்துப்போகும் மெக்கானிக், திருப்பிக் கொண்டுவந்து விட்டால் உள்ளே வந்து காபி குடிக்காமல் போகமாட்டார். சோப்புப் போட்டுக் கழுவியும் போகாத கிரீஸ் கையை மேசையில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு, ஊர்க்கதை எல்லாம் அளந்து, அம்மாவைக் கண்ணில் நீர் வரச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். சில வாரங்களாக அந்தக் கதையே இல்லை. காரை நிறுத்துவார், ஹாரனை ஒரு தட்டு தட்டுவார், சாவியை கேட்டின் மேல் வைத்துவிட்டு நடையைக் கட்டிவிடுவார்.

கேட்டதற்கு, "அவருக்கு வேலை ஜாஸ்தி" என்றாள் அம்மா. மகள் நம்பவில்லை. கிளட்ச் விஷயத்தில் இருவருக்கும் ஏதோ வாய்த்தகராறு என்று அவளாகவே முடிவுகட்டியிருந்தாள்.

"மறுபடி ஆரம்பிம்மா."

அம்மா நீட்டினாள். மகள் மறுத்தாள். அம்மா மறுபடி நீட்டினாள். மகள் மறுபடி மறுத்தாள்.

மூன்றாவது தடவை டப்பா வரவில்லை.

அம்மா அதை மேசையில் வைத்து, செய்தித்தாளின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லிட்டா. ஆனா அவளுக்கு வேணும்னு வச்சுக்கோ. கொண்டுவந்தவர் மூணாவது தடவை நீட்டாமலே போயிட்டா, அவ என்ன பண்ணணும்?"

மகள் யோசித்துப் பார்த்தாள். பாடத்தில் அப்படி ஒரு இடமே இல்லை.

"அப்படியெல்லாம் போகமாட்டாங்கம்மா. அங்க எல்லாருக்கும் அந்த வழக்கம் தெரியும்."

"தெரியாத ஆளா இருந்தா?"

வாசலில் ஹாரன் ஒரு தட்டு கேட்டது.

அம்மா எழுந்தாள். செருப்புக்காகக் காலால் துழாவினாள், கிடைக்கவில்லை, வெறுங்காலோடு ஓடினாள். அம்மா ஓடி மகள் பார்த்ததே இல்லை.

மகள் ஜன்னலருகே போய் நின்றாள். மெக்கானிக் சாவியை கேட்டின் மேல் வைத்துவிட்டுத் தெருவில் பாதி தூரம் போயிருந்தார். அம்மா கூப்பிட்டதும் திரும்பி வந்தார். சாவி கைக்கு எட்டவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, அதை எடுத்து அவளிடம் நீட்டினார்.

அம்மா அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். தலையைக்கூட லேசாகக் குனிந்தாள்.

மனிதர் விழித்தார். வண்டியில் ஏதோ கோளாறு என்று எண்ணிக் காரைப் பார்த்தார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றாள் அம்மா. "ரெண்டு தடவை கேட்டீங்களே, அதை இன்னொரு தடவை கேளுங்க."

மகள் சட்டென்று ஜன்னலை விட்டு விலகினாள். காபிக்கு அடுப்பில் பாலை வைத்தாள். பிறகு பிஸ்கட் டப்பாவை அம்மாவின் காலி நாற்காலியில் உட்காரவைத்து, அதன் எதிரே நிமிர்ந்து நின்று, பாடத்தை முதலிலிருந்து தொடங்கினாள்.

நாளைக்கு ஒரு சொல்கூடப் பிசகக் கூடாது.