பால் சர்க்கரை மிஞ்சியது

வீட்டில் பீர் காய்ச்சிய ஜாடிக்குள் வெல்லப்பாகும், பாலிலிருந்து எடுத்த லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையும் ஒன்றாகத்தான் விழுந்தன. புளிக்க வைக்கும் ஈஸ்ட் வந்து பாகைத் தின்ன ஆரம்பித்தது. பால் சர்க்கரை பயந்து ஓரமாக ஒதுங்கியது.

“எதுக்கு ஒளியுற? உன்னைத் தின்ன எனக்குத் தெரியாது,” என்றது ஈஸ்ட்.

“நான் தப்பிச்சேன், பார்த்தியா?” என்று பாகிடம் பெருமையடித்தது பால் சர்க்கரை. பாகு கரைந்துகொண்டே வந்தது.

பத்தாம் நாள் பாகு இல்லை. வயிறு நிறைந்த ஈஸ்ட்டும் அடியில் படுத்துவிட்டது. அது பாகைத் தின்று விட்ட வாயு, பக்கத்தில் ஒரு குமிழியாகக் கிளம்பியது.

“நீ பாகுதானே?” என்றது பால் சர்க்கரை.

“அப்படியா? ஞாபகமில்லையே.” குமிழி மேலே போய் உடைந்தது.

தனியாக மிஞ்சிய பால் சர்க்கரை அடிக்கு இறங்கி ஈஸ்ட்டை எழுப்பியது.

“என்னையும் கொஞ்சம் தின்னு பாரேன்.”