சனிக்கிழமைதான் ஊதணும்

ஷிப்ட் முடிந்த கையோடு வந்த ஹோசியத், மூச்சளக்கும் கருவியின் குழாயை வாயில் வைத்து ஒரே மூச்சாக ஊதினாள். உடனே இருமல் பிடித்துக்கொண்டது. கெட்டிச் சளியைக் கைக்குட்டையில் துப்பி மடித்துக்கொண்டாள்.

ஆலை டாக்டர் ஷவ்கத் கருவியின் முள்ளைப் பார்த்தார். இருநூற்றுப் பத்து. போன வருஷம் முந்நூற்று எண்பது.

"அக்காவுக்கு ஜலதோஷம் போல" என்று சொல்லி, எண்ணை எழுதாமலே பேனாவை மூடினார்.

ஜலதோஷமாம்! ஃபெர்கானா பஞ்சாலையில் பன்னிரண்டு வருஷம் பருத்திக் கொட்டை பிரிக்கும் கூடத்தில் நின்றவளிடம் இந்தக் கதை.

ஞாயிறு ஓய்வெடுத்துவிட்டுத் திங்கட்கிழமை உள்ளே போனால், மதியத்துக்குள் நெஞ்சில் கல் ஏறி உட்காரும். சளி ஊற்றெடுக்கும். நகரத்து டாக்டரம்மா ஒருத்தி புரியும்படி சொல்லியிருந்தாள். பஞ்சுத் தூசி பட்டதும் உடம்பே எதையோ சுரந்து மூச்சுக்குழாயை இறுக்குகிறது, சளியைப் பெருக்குகிறது. லீவில் அந்தச் சரக்கு சேரும். முதல் நாள் மொத்தமாகக் கொட்டும். நாள் போகப்போகக் குறையும். சனிக்கிழமை ஊதினால் எல்லாரும் பயில்வான்தான்.

நிர்வாகத்துக்கு இது தெரியாதா என்ன? நாலு வருஷமாகச் சோதனை சனிக்கிழமை மட்டும்தான்.

ஐந்து பேருக்கு எண் இறங்கினால் கூடத்தில் தூசி உறிஞ்சும் குழாய் போடுவதாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒருத்திக்கும் இறங்கவில்லை. போன பனிக்காலத்தில், கூட நின்று வேலை செய்த பாஷாரத் சளி அடைத்தே செத்துப்போனாள். அவளும் சோதனையில் தேறியவள்தான்.

"எழுதுங்க டாக்டர். எனக்குப் பின்னாடி இன்னும் பத்துப் பேர் நிக்கிறாங்க."

ஒவ்வொருத்தியாக ஊதினார்கள். இருநூற்று நாற்பது. இருநூறு. நூற்றுத் தொண்ணூறு. அறை முழுக்க இருமல். ஐந்தாவது எண்ணில் டாக்டருக்கு வியர்த்துவிட்டது. சுவரில் தொங்கிய காலண்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னிக்குச் சனிக்கிழமைதானே?"

"உங்களுக்குச் சனி. எங்களுக்கு இன்னிக்குத்தான் திங்கள். புதன், வியாழன், வெள்ளி மூணு நாளும் நாங்க பதினோரு பேரும் என் பொண்ணு கல்யாணத்துல ஆடிட்டு இருந்தோம். கல்யாணத்துக்கு லீவு கிடையாதுன்னு சொல்ல இந்த ஊர்ல எவனுக்குத் தைரியம் இருக்கு?"

பின்னால் யாரோ ஒருத்தி சிரித்தாள்; சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. டாக்டர் பேனாவைத் திறந்தார். ஹோசியத் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதினோரு எண்ணும் ஏறும்வரை நகரவில்லை.

கல்யாணம் வசந்தத்தில் என்றுதான் பேசி முடித்திருந்தது. சோதனைத் தேதியை ஆலைக் கதவில் ஒட்டிய அன்று மாலையே அவள் சம்பந்தி வீட்டுக்குப் போய், இந்தப் புதன்கிழமைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அப்படி என்ன அவசரம் என்று அவர்கள் கேட்டார்கள்.

நல்ல நாள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.