இரண்டு டஜன் பென்சில்

சனிக்கிழமை காலை ஏழு மணி. பக்கத்து வீட்டுக் கார் கிளம்புவதை ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டே நின்றாள் டார்லீன். அடுப்பில் பான்கேக் கருகியது.

“பாத்தியா வெஸ்லி? பக்கத்து வீட்டுக் கோரினோட பையன் டேமன் இன்னிக்கும் பரீட்சைக்குப் போறான்! நேத்துக் கடையில அவ ரெண்டு டஜன் பென்சில் வாங்கினா. எழுதியே தேய்ச்சுத் தள்றான் போல!”

கல்லூரி நுழைவுத் தேர்வு நடக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கார் இப்படித்தான் கிளம்பும். அது பொறுக்காமல் தன் மகன் வெஸ்லியை ஏற்கெனவே நான்கு முறை எழுத வைத்துவிட்டாள் டார்லீன். மார்க் ஆயிரத்து அறுநூறுக்கு ஆயிரத்து முந்நூற்றைம்பதை விட்டு அசையவே இல்லை.

“அம்மா, இன்னிக்கு நீச்சல் போட்டி. நான் சேர ஆசைப்படற காலேஜோட கோச் ஆள் எடுக்க வர்றார். ஒரே ஒரு இடம்தான்.”

“நீச்சல் எங்கேயும் ஓடிப் போயிடாது. எத்தனை தடவை எழுதினாலும் காலேஜ் பாக்கறது பெரிய மார்க்கைத்தான்.”

“சில காலேஜ்ல எல்லா மார்க்கையும் கேப்பாங்கம்மா. அஞ்சும் ஒரே மாதிரி இருந்தா சிரிப்பாங்க. டேமன்கூட இன்னிக்கு...”

“அவன் பேரை எடுக்காதே! அவன் உன்னை முந்தினா எனக்குத் தண்ணிகூட இறங்காது.”

வெஸ்லி நீச்சல் பையை மாடிப்படியில் போட்டுவிட்டுக் காரில் ஏறினான். கடைசி நேரத்தில் பணம் கட்டியதால் அவனுக்குத் தேர்வு மையமாக விழுந்த பள்ளி முப்பது மைல் தள்ளி இருந்தது.

மாலையில் கோரின் ஒரு பெரிய கேக்குடன் வேலியோரம் வந்தாள். “டார்லீன், டேமனுக்குக் காலேஜ்ல இடம் கிடைச்சிடுச்சு!”

டார்லீன் உதட்டைச் சுழித்தாள். “அஞ்சு தடவை பரீட்சை எழுதினா யாருக்குத்தான் கிடைக்காது?”

“அஞ்சு தடவையா? அவன் ஒரே தடவைதான் எழுதினான். வெறும் ஆயிரத்து இருநூறு. இன்னிக்கு நீச்சல்ல பாத்துட்டு கோச்சே கை குடுத்துட்டார். வெஸ்லி மட்டும் வந்திருந்தா அந்த இடம் அவனுக்குத்தான் போயிருக்கும்னு டேமனே சொல்றான். ஏன் அவன் வரல?”

டார்லீன் வேலிக்கு மேல் எட்டி அந்தக் காரைப் பார்த்தாள். “அப்போ... காலையில உங்க கார்ல பரீட்சைக்குப் போனது யாரு?”

“நான்தான். ஒவ்வொரு தடவையும் பரீட்சை ஹால்ல மேற்பார்வை எனக்குத்தானே! பென்சில் மறந்துட்டு வர்ற பசங்களுக்குக் குடுக்க நேத்துகூட ரெண்டு டஜன் வாங்கினேன்.”